குளியலறையில் ஒரு முழு மரப்பலகை

(தச்சர்களும் கட்டடக்கலை மாணவர்களும் வீடு கட்டுவோரும் கூடியிருந்த புதுச்சேரி அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வாஷ்பேசின் உட்காரும் மேடையை ஒரே மரப்பலகையில் செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கத் தகுந்த விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். தகுந்த விஷயம்தான். வீட்டுக்குள் மரத்துக்கு மிகக் கடுமையான சோதனை வைக்கிற இடம் குளியலறை. அங்கே ஒரு பலகையை நிலைக்க வைக்கத் தெரிந்தவருக்கு வீட்டின் வேறெந்த மூலையும் எளிது.

இதைப் புதுச்சேரியில் பேசுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை நீங்கள் எல்லோரும் வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். 1930களின் பிற்பகுதியில் அவருடைய அலுவலகத்தின் சார்பில் இங்கே வந்து, வேலை நடக்கும் இடத்திலேயே தங்கிப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர். அந்த விடுதிக்குத் தேக்கில் மரச்சாமான்களும் வடிவமைத்தார்.

பிறகு அவர் அமெரிக்கா திரும்பினார். 1942-இல், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, அந்த அரசாங்கம் அவரை மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைத்தது. அந்த முகாமில்தான் கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் உளி பிடிப்பதை முறையாகக் கற்றார். அடுத்த ஆண்டு ரேமண்டின் முயற்சியால் வெளியே வந்து, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டார். மரத்தின் ஓரத்தைச் சதுரமாக அறுத்து எறியாமல், பட்டை உரித்த வளைவோடு அப்படியே விட்டு மேசை செய்தார். வெடிப்பைப் பட்டி பூசி மறைக்காமல், அது மேலும் ஓடாதபடி குறுக்கே கட்டை பதித்து, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி விட்டார். இன்று உலகம் முழுக்க ‘லைவ் எட்ஜ்’ என்ற பெயரில் விற்கிற பலகைகளுக்கெல்லாம் அந்தப் பட்டறை ஒரு பெரிய ஊற்றுக்கண். அவர் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர் என்பது நமக்கு நிறைவு தர வேண்டிய செய்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குளியலறைக்கு மரம் என்றதுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘தண்ணீர் பட்டால் உளுத்துப் போகாதா?’ என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் மரத்தை அரிப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. பூஞ்சை வளர வேண்டுமானால் மரத்துக்குள் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்க வேண்டும், கூடவே காற்றும் வேண்டும். காய்ந்த மரத்தில் ஈரம் இல்லை. முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. நனைந்து, அரைகுறையாக உலர்ந்து, மறுபடி நனைகிற மரம்தான் கெடுகிறது.

மும்பையில் மலபார் தேக்கால் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய ஒரு போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மரம் நனைவதை அவர்கள் தடுக்கவில்லை. நனைந்த மரம் உலர்வதற்கு வழி செய்தார்கள். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பழக்கத்தின் விரிவுதான். பலகையில் விழும் தண்ணீர் வழிந்து போக வேண்டும், பலகை அசைவதற்கு இடம் வேண்டும். இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் குளியலறையில் மரம் நிற்கும். ஒன்றைத் தவறவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பாலிஷ் அடித்தாலும் அந்தப் பலகைக்கு ஆயுசு கெட்டி இல்லை.

எந்த மரம்? தேக்கு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். தேக்கு உயர்ந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் 20 அங்குல அகலத்தில் ஒரே பலகையாக, வைரம் பாய்ந்த தேக்கு இன்று எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? என் மனம் வேறு பக்கம் போகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கம் பாட்டன் வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னைச் சாலையோரங்களில் பெரிய மரங்கள் விழுந்தன. 2018 நவம்பரில் கஜா காவிரி டெல்டாவின் தோப்புகளைக் கிடத்திப் போட்டது. அப்படி விழுந்த எத்தனையோ அடிமரங்கள் துண்டு துண்டாகி அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டன. ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பலா விறகானதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவைத் தேடிப் போகிறார்கள் என்றால், காய்ந்த பின் அது நிலையாக நிற்கிறது என்பதும் ஒரு காரணம். கரையான் எளிதில் தொடாது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப் படத் தேன் நிறமாகிப் பின் செம்பழுப்பாகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், இந்த மஞ்சள் தண்ணீரில் கரையும். புத்த பிக்குகளின் காவி உடைக்குப் பலாச் சீவலைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தது இதனால்தான். ஆகவே பலாவை நன்றாக மூடிப் பூசாமல் பேசின் அடியில் வைத்தால் வெள்ளைச் சுவரில் மஞ்சள் ஒழுகும். வேங்கையும் அப்படித்தான், தண்ணீரில் நிறம் விடும்.

தூங்குமூஞ்சி மரத்தை நம் ஆட்கள் மட்டமாகப் பேசுவார்கள். நான் அதற்காக வாதாடுவேன். தென் அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்து நம் சாலைகளுக்கு நிழல் தந்த மரம் அது. காயும்போது மிகக் குறைவாகச் சுருங்குகிற மரங்களில் ஒன்று. அகலமான பலகை கிடைக்கும். நடுவில் காப்பி நிற வைரம், ஓரத்தில் வெளிர் மஞ்சள் வெள்ளை, இரண்டும் சேர்ந்து அவ்வளவு அழகு. அறுக்கும்போது தூசி மூக்கை எரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வேம்பும் நல்லதுதான், ஆனால் காயும்போது வெடிக்காமல் பார்த்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். மாமரம் வேண்டாம். வண்டும் பூஞ்சையும் அதை விடாது.

எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதியில்தான் வண்டு துளைக்கும், மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. இயற்கை விளிம்பு வேண்டும் என்றால் வெள்ளையையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் பச்சையாக இருக்கும்போதே வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசி ஊறவிடுங்கள். மரத்தை மாதக்கணக்கில் குளத்தில் போட்டு வைத்த நம் முன்னோர், உள்ளே இருக்கும் சத்து தண்ணீரில் கரைந்து வெளியேறட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள்.

இப்போது உலர்த்தல். என் பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். பச்சை மரத்தில் அதன் உலர் எடையில் பாதிக்கும் மேல், சில மரங்களில் எடைக்கு எடை, தண்ணீர் இருக்கும். முதலில் வெளியேறுவது மரக் குழாய்களில் தேங்கிய நீர். அது போகும்போது மரம் இளைப்பதே இல்லை, எடைதான் குறையும். ஈரம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் நாரின் சுவர்களிலிருந்து நீர் கழியத் தொடங்குகிறது. சுருக்கம், வெடிப்பு, கோணல் எல்லாம் அங்கிருந்து ஆரம்பம். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல இருக்கும் பலகை, உண்மையில் அந்தப் படியையே இன்னும் எட்டாமல் இருக்கலாம். அதை வாங்கி வந்து, மினுமினுவென்று பாலிஷ் போட்டு மாட்டிவிட்டு, ஆறு மாதத்தில் நடுவில் பிளந்துவிட்டது என்று மரத்தைத் திட்டுகிறோம். தவறு மரத்துடையது அல்ல.

காற்றில் உலர்த்துவதற்குத் தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு. கறாரான விதி அல்ல, ஆனால் நல்ல வழிகாட்டி. இறுதியில் 2 அங்குலக் கனம் வேண்டுமானால் அறுவை மில்லில் இரண்டரை அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள், கோணல் எடுக்க அந்த அரை அங்குலம் வேண்டும். அடிமரத்தின் சரியான நடுமையம் வருகிற பலகையைத் தவிர்த்துவிடுங்கள், அது அநேகமாகப் பிளக்கும். அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ தடவுங்கள். நாரின் வாய் அங்கே திறந்திருப்பதால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள ரீப்பர் சட்டங்களை ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வைத்து அடுக்குங்கள். மேலே பாரம் ஏற்றுங்கள். வெயிலில் போடாதீர்கள். வெயில் மேல்தோலை மட்டும் காயவைத்து உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஈரமானி என்ற சிறு கருவி இருக்கிறது, இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். அது இல்லாதவர்களுக்கு எடைத் தராசு போதும். மாதம் ஒருமுறை பலகையை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை இறங்குவது நின்று, தொடர்ந்து சில மாதங்கள் ஒரே அளவில் நின்றால், அந்த ஊர்க் காற்றோடு மரம் சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள்.

ஊர்க் காற்று என்று சொன்னேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. மரம் எலும்பு போலக் காய வேண்டும் என்று எண்ணுவது தவறு. வைக்கப்போகும் இடத்துக்குத் தக்கபடி காய வேண்டும். கடற்கரை ஊரில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் மரம் தானாகவே 14 சதவீத ஈரத்தை ஒட்டி நிற்கும். குளிர்சாதனம் ஓடும் அறையில் 9, 10 வரை இறங்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 287 என்ற ஆவணம், நாட்டைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. குளிர் நாட்டுக் கணக்கில் சூளையில் 8 சதவீதம் வரை உலர்த்திய பலகையை வாங்கி வந்து புதுச்சேரிக் குளியலறையில் இறுக்கி மாட்டினால், அது வீங்கிச் சுவரைத் தள்ளும். நம் ஊருக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. வேலை தொடங்கும் முன் சில வாரங்கள் அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும்.

அசைவுக்குக் கணக்கும் சொல்கிறேன், கேளுங்கள். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில் அசையும், அதிலும் வளையத்தின் போக்கிலேயே அறுத்த பலகை, வளையத்தைக் குறுக்கே வெட்டி அறுத்த பலகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அசையும். தேக்கு நிதானமான மரம். அதிலேயே 50 சென்டிமீட்டர் அகலப் பலகை, கோடையின் 11 சதவீத ஈரத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் 15-க்கு ஏறினால், மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விரியும். இந்த மூன்றரை மில்லிமீட்டரை எந்த ஆணியாலும் எந்தப் பசையாலும் அடக்க முடியாது. அடக்கப் பார்த்தால் மரம் பிளக்கும், இல்லாவிட்டால் டைல்ஸ் பெயரும்.

பலகை தயார். பட்டையை முழுவதும் எடுத்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தால் இன்றில்லாவிட்டால் நாளை அது உதிரும். அதுவரை பூச்சிக்கு வீடாக இருக்கும். கூர் உளியால் நெம்பி, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கீழே இருக்கும் மரத்தின் இயல்பான மேடு பள்ளத்தைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். அவசரக்காரரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மட்டம் எடுப்பதற்கு ரூட்டர் மெஷினை இரு தண்டவாளச் சட்டங்களின் மேல் ஓட்டலாம். கை இழைப்புளி என்றால் முதலில் நாருக்குக் குறுக்காக இழைத்து முறுக்கை எடுத்து, பிறகு நீளவாக்கில் இழையுங்கள். மேலே எவ்வளவு எடுத்தீர்களோ ஏறக்குறைய அதே அளவு அடியிலும் எடுங்கள். இல்லையென்றால் பலகை மறுபடி கோணிக்கொள்ளும்.

வெடிப்பு இருந்தால் நகாஷிமா வழி. உடுக்கை வடிவத்தில், இடை சிறுத்து இரு பக்கமும் விரிந்த கட்டை ஒன்று செய்து, அதன் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓடும்படி பதிக்க வேண்டும். ஆழம் பலகைக் கனத்தில் பாதி போதும். கட்டை, பலகையைவிடக் கடினமான மரமாக இருக்கட்டும். மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து அடைக்கிற பழக்கத்தைக் குளியலறையில் விட்டுவிடுங்கள், சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். எபாக்சிதான் இங்கே சரி. தேக்காக இருந்தால் பசையோ பூச்சோ போடும் முன் அசிட்டோனால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அதன் எண்ணெய் எதையும் ஒட்டவிடாது.

பேசினுக்கு வருவோம். பலகைக்கு அடியில் தொங்கும் பேசின் பார்க்க நேர்த்தியாக இருக்கும். மரப்பலகைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்காகப் பெரிய வட்டம் வெட்டும்போது நாரின் முனைகள் சுற்றிலும் வாய் திறந்து நிற்கும், அந்த வளையத்தின் மேலேயே ஒவ்வொரு முறையும் கை கழுவிய நீர் வழியும். முனைவழியே நீர் ஏறுகிற வேகம் பக்கவாட்டில் ஏறுவதைவிடப் பல மடங்கு. பலகைக்கு மேல் கிண்ணம் போல உட்காரும் பேசினுக்கு, வேஸ்ட் கப்ளிங் இறங்க 45 மில்லிமீட்டரை ஒட்டிய ஒரே துளை போதும். அந்தத் துளையின் உட்சுவரில் நீர்த்த எபாக்சியை, உறிஞ்சுவது நிற்கும் வரை திரும்பத் திரும்பப் பூசுங்கள். குழாயைப் பலகையில் நடாமல் சுவரிலிருந்தே நீட்டி விடுங்கள். குழாயின் அடிவாரத்தில் தேங்கும் நீர் பல பலகைகளைக் கறுக்க வைத்திருக்கிறது. இந்த இரண்டு முடிவையும் பிளம்பர் சுவரை உடைக்கும் முன்பே எடுக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தச்சரைக் கூப்பிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பூச்சு. மேலே மட்டும் ஆறு கோட் அடித்து, அடியைப் பச்சையாக விட்ட பலகைகளை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேல்பக்கம் விரிய முடியவில்லை, பலகை கூனிக்கொள்கிறது. மேல், அடி, விளிம்பு, முனை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் கோட் போக வேண்டும், முனைக்கு இரண்டு கூடுதலாக. உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, 180, 220 வரை போதும். இடையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எழும்புகிற நாரைக் காயவிட்டுத் தேய்த்துவிட்டால் பிறகு சொரசொரப்பு வராது.

எந்தப் பூச்சு? பழைய அரக்குப் பாலிஷ் இங்கே உதவாது, தண்ணீர் பட்டால் வெளுக்கும். நம் கடற்கரையில் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள். அருமையான காப்பு, ஆனால் தோலைப் புண்ணாக்கும் என்பதால் வீட்டுக்குள் நான் சொல்ல மாட்டேன். மிஞ்சுவது இரண்டு. ஒன்று, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பி.யூ. என்ற பாலியூரிதேன் பூச்சு. தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் எங்காவது கீறல் விழுந்து நீர் உள்ளே போய்விட்டால் மொத்தத்தையும் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் போல மரத்துக்குள் ஊறி இறுகும் எண்ணெய். மரத்தைத் தொட்டால் மரமாகவே இருக்கும், தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசலாம், ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை கட்டாயம் பூச வேண்டும். குழந்தைகளும் விருந்தாளிகளும் புழங்கும் குளியலறைக்கு பி.யூ., கவனித்துப் பராமரிக்கிறவரின் சொந்த அறைக்கு எண்ணெய். இது என் தீர்ப்பு.

இங்கே இரண்டு எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பி.யூ. கலவையின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் சிறு வாடைகூட மூச்சை அடைக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கிறார்கள் நம் பிள்ளைகள். துண்டு அந்த ஆவியைத் தடுக்காது. அதற்கென்று வடிகட்டி வைத்த முகமூடியை வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. அடுத்தது, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

சுவரில் பொருத்துவதற்கு முன் எடையைக் கணக்குப் போடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 5 கனம் என்றால் 0.03 கன மீட்டர். கன மீட்டருக்கு 650 கிலோ வரும் மரத்தில் அது 20 கிலோவை ஒட்டி வரும். மேலே பேசின், அதில் தண்ணீர், அதன்மேல் கையூன்றிச் சாய்ந்து பல் தேய்க்கும் ஆள். செங்கல் சுவரில் கனமான பிராக்கெட்டும் ஆங்கர் போல்ட்டும் தாங்கும். லேசான கான்கிரீட் கட்டிகளால் எழுப்பிய சுவர் என்றால் தரைவரை கால் கொடுத்துவிடுவது நல்லது. திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். சாதாரண இரும்பு, மரத்தின் துவர்ப்போடு ஈரத்தில் சேர்ந்தால் மை போலக் கறுப்பு ஓடும், அந்தக் கறை லேசில் போகாது.

பிராக்கெட்டில் துளையை வட்டமாகப் போடாமல், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நீண்ட துளையாகப் போடுங்கள். முன்பக்கத் திருகாணியை இறுக்கி, பின்பக்கத்தை வாஷர் வைத்து லேசாகப் பிடித்தால், பலகை வேண்டியபோது சுவரை நோக்கி விரியும். அதற்கென்று சுவருக்கும் பலகைக்கும் இடையில் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு சிலிகானால் அடையுங்கள். சிமெண்ட் வைத்து அடைக்கவே கூடாது. சன்ஷேடின் அடியில் கொத்தனார் காடி விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே போலப் பலகையின் அடியில் முன்விளிம்பை ஒட்டி ஒரு சிறு காடி ஓட்டுங்கள். வழிகிற நீர் அடிப்பக்கம் ஊர்ந்து போகாமல் அங்கேயே சொட்டிவிடும். உயரத்திலும் ஒரு கவனம் வேண்டும். கை கழுவும் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 சென்டிமீட்டரில் வந்தால் வசதி. கிண்ண பேசின் 13 சென்டிமீட்டர் உயரம் என்றால் பலகையின் மேல்தளம் 70-ஐ ஒட்டி வர வேண்டும். இதை மறந்து பலகையையே 80-இல் வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு முக்காலி தேடுகிற வீடுகள் உண்டு.

நம் குளியலறைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாளியில் தண்ணீர் பிடித்துச் செம்பால் மொண்டு ஊற்றிக் குளிக்கிற வீடு நம் வீடு. நாலு சுவரும் நனையும். அப்படிக் குளிக்கிற இடத்துக்கு உள்ளேயே மரப்பலகையை வைக்க நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்போ அரைச்சுவரோ வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டு அறைக்கும் குளியலறைக்கும் இடையே, கதவுக்கு வெளியே கை கழுவ நாம் விட்டிருக்கும் இடம் மரத்துக்கு மிகப் பொருத்தமான இடம்.

பராமரிப்பு எளிது. இரவில் படுக்கும் முன் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்தால் உடனுக்குடன் துடைத்தால் போதும், அதை எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஈர சோப்புப் பெட்டியையும் அடி நனைந்த சொம்பையும் நேரடியாக வைக்காதீர்கள். மஞ்சளும் தலைச்சாயமும் எண்ணெய் பூசிய பலகையில் உடனே பிடிக்கும். மாதம் ஒருமுறை கீழே குனிந்து பாட்டில் டிராப்பைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே விழும் தண்ணீரை எல்லோரும் துடைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கீழே கசிகிற சொட்டுதான் ஒரு பலகையை ஆண்டுக்கணக்கில் அழுக வைக்கிறது.

கடைசியாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டுக்காரர்களே, தச்சர் ஒருவர் ‘இந்தப் பலகை இன்னும் காயவில்லை, அடுத்த கோடை வரை பொறுங்கள்’ என்று சொன்னால், அவரை விட்டு வேறு ஆளிடம் போகாதீர்கள். அப்படிச் சொல்லக்கூடிய தச்சர் கிடைப்பது உங்கள் நல்ல காலம். அவர் பலகையை அடுக்கி வைத்துக் காத்த காலத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். அடுத்தது எல்லோருக்கும். அடுத்த புயலில் உங்கள் தெருவிலோ தோப்பிலோ ஒரு பெரிய மரம் சாய்ந்தால், விறகுக்காரருக்குப் போன் செய்யும் முன், உரிய அனுமதியை வாங்கிக்கொண்டு, அறுவை மில்லுக்கு ஒரு போன் போடுங்கள். அடிமரத்தைத் துண்டு போடாமல் நீளமாக ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள். முனையில் அன்றைக்கே பெயிண்ட் தடவுங்கள்.